ஸ்டார்ட்டர் கிட் மறைத்து வைப்பது
வெப் செயலி எழுதத் தேவையான கருவிகளை முன்கூட்டியே இணைத்துத் தரும் ஸ்டார்ட்டர் கிட் ஒன்றை எடுத்துவிட்டால் கான்ஃபிகரேஷன், அதாவது அந்தக் கருவிகளை அமைக்கும் வேலை, பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கவலை தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்துக்கான கிட்டான கிரியேட் ரியாக்ட் ஆப்பையே பாருங்கள். 2016-ல் ஃபேஸ்புக் அதை வெளியிட்டபோது பெரிய உபகாரமாக இருந்தது. கோப்புகளை ஒன்றுசேர்த்துக் கட்டும் வெப்பேக், புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய பிரவுசர்களுக்கு ஏற்ப மாற்றும் பேபல் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் இணைத்துத் தந்தது. ஆனால் அதற்குள் இருக்கும் வெப்பேக் அமைப்பை நேரடியாக மாற்ற வேண்டுமென்றால் 'இஜெக்ட்' செய்ய வேண்டும், அதாவது கிட் மறைத்து வைத்த அமைப்புக் கோப்புகளை நம் ப்ராஜெக்டுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். செய்தால் திரும்ப வழியில்லை, அதுவரை கண்ணில் படாத கோப்புகள் அத்தனையும் நம் தலையில். 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே புதிய செயலிகளுக்கு அது வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. கட்டுரைக்குப் பின்னூட்டம் எழுதிய ஒரு நண்பர், அதே வேலையைச் செய்யும் வீட் (Vite) கருவிக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அதன் வேகம் உண்மைதான், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் நம் கணினியில், செயலியின் முதல் பக்கம் அல்லாத உள்பக்கம் ஒன்றை ரெஃப்ரெஷ் செய்தால் ஒழுங்காகத் திறக்கும். சர்வரில் ஏற்றியபின் அதே பக்கம் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழையைக் காட்டும். காரணம், நம் கணினியில் கிட் ஓட்டும் டெவலப்மென்ட் சர்வர் தனக்குத் தெரியாத பக்க முகவரிக்கெல்லாம் செயலியின் முதல் கோப்பான இன்டெக்ஸ் கோப்பையே அனுப்பிவிடுகிறது. வெளி சர்வரில் பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் (nginx) போன்ற மென்பொருளில் அந்த விதியை நாம்தான் எழுத வேண்டும். எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் திணறுகிறார்கள், முகவரிக்கேற்ற பக்கத்தைக் காட்டும், தவறே இல்லாத ரவுட்டர் கோடைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அவர்களை முதலில் ஒரு எச்டிஎம்எல் கோப்பு, ஒரு ஸ்கிரிப்ட், பக்கத்தை மறுபடி ஏற்றாமலேயே முகவரியை மாற்ற உதவும் பிரவுசரின் ஹிஸ்டரி ஏபிஐ இவற்றை மட்டும் வைத்து இரண்டு பக்கச் செயலி ஒன்றை எழுதச் சொல்கிறேன். கிட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.