பவுலுக்கு முன்பே யூதர்கள் அருளைப் பாடினார்கள்

‘யூதர்கள் மனித முயற்சியை மட்டும் நம்பினார்கள், கடவுளின் அருள் என்பதைக் கிறிஸ்தவத் தூதரான பவுல்தான் கொண்டுவந்தார்’ என்று சொல்வது சரியல்ல. அன்றைய யூதர்களிடம் இதில் ஒரே கருத்து இருக்கவில்லை. அன்றைய மூன்று யூதப் பிரிவினரில் எஸ்ஸேனியர் ‘எல்லாம் விதி’ என்றார்கள், சதுசேயர் ‘எல்லாம் நம் கையில்’ என்றார்கள், பரிசேயர் இரண்டுக்கும் இடம் கொடுத்தார்கள் என்கிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். 1947-ல் சாக்கடலருகே கும்ரான் குகையில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் உள்ள நன்றிப் பாடல்களைத் தயவுசெய்து படித்துப் பாருங்கள்: மனிதன் வெறும் களிமண், நீதி கடவுளுடையது, அவர் தரும் ஆவியில்லாமல் மனிதனின் வழி நிலைக்காது என்று உருகிப் பாடுகின்றன. எழுதியவர்கள் பவுலுக்கு முந்தைய யூதர்கள்! அப்புறம், பவுலும் முயற்சியைத் தள்ளிவிடவில்லை. பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் (பிலிப்பியர் 2:12-13) மீட்புக்காகப் பாடுபடச் சொல்லிவிட்டு, உங்களுக்குள் செயல்படுகிறவர் கடவுளே என்று உடனே சேர்க்கிறார். பவுலே ஒரு பரிசேயர்தானே.