கட்டுரை எழுத வராதது இங்கிலீசுக் குறையா?

போன கிழமை என் தங்கையின் மகள் கம்பஸில் இருந்து வீட்டுக்கு வந்தாள். முதலாம் வருடம். பையை இறக்கி வைத்த கையோடு ஒரு அசைன்மென்ட்டை எடுத்து என் மடியில் போட்டாள். திருகோணமலையின் சுற்றுலா வளங்கள் பற்றி இங்கிலீசில் ஆறு பக்கம், படங்களோடு. முதல் பக்கத்தில் நூற்றுக்கு 38.

"எனக்கு இங்கிலீசு போதாது பெரியம்மா. விட்டுட்டு வந்திடவா?"

இருந்து வாசித்தேன். பிழைகள் இருந்தன, ஆனால் விளங்காத வசனம் ஒன்றுகூட இல்லை. விரிவுரையாளரின் சிவப்புப் பேனை இலக்கணத்தைத் தொட்டது இரண்டே இடத்தில்தான். மற்றப் பதினொரு இடத்திலும் ஒரே கேள்வி: யார் சொன்னது? அந்தக் கேள்விகளை அவள் வாசிக்கவே இல்லை. புள்ளியைப் பார்த்திருக்கிறாள், இங்கிலீசுதான் காரணம் என்று முடிவு கட்டியிருக்கிறாள். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

முதல் வசனத்தையே எடுப்போம். திருகோணமலை உலகின் இரண்டாவது பெரிய இயற்கைத் துறைமுகம் என்று தொடங்கியிருந்தாள். யார் சொன்னது என்று நானும் கேட்டேன். "எல்லாரும் சொல்றதுதானே" என்றாள். நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். மேசையில் கிடந்த கொப்பிகளில் மூன்றை விரித்துக் காட்டினேன். ஒன்றில் இரண்டாவது, ஒன்றில் ஐந்தாவது, மற்றதில் உலகிலேயே பெரியது. பரப்பளவிலா, ஆழத்திலா என்று மூன்று பேரும் எழுதவில்லை. நம் துறைமுகம் ஆழமானது, பெரியது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இரண்டாவது என்று எழுதினால் அளந்தவர் ஒருவர் இருக்கவேண்டும், அவர் எதை வைத்து அளந்தார் என்றும் சொல்லவேண்டும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் அதே கதி. கிணறுகள் ஏழு, அவற்றை இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கினான் என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தாள். ஏழு என்பதைப் போய் எண்ணிப் பார்க்கலாம். சூட்டைக் கை வைத்துப் பார்க்கலாம். இராவணன் கதை நம் மக்களின் நம்பிக்கை. 'என்று மக்கள் நம்புகின்றனர்' என்று எழுதினால் அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வராது, கட்டுரையும் நேர்மையாக நிற்கும். இதைச் சொன்னபோதுதான் பிள்ளையின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மறுநாள் காலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் அவளைக் கோட்டை வாசலில் நிறுத்தினேன். பிரட்றிக் கோட்டை வாசலில், இரட்டை மீன் பொறித்த இடத்துக்குப் பக்கத்தில் கல்லில் தமிழ் எழுத்துகள் இருப்பது நம்மூர்க்காரருக்குத் தெரியும். கோணேசர் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசனைப் பற்றி "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் அந்தப் பாட்டு எங்கள் எல்லாருக்கும் பாடம். அவளும் முழுதாகச் சொன்னாள். சரி, கல்லைப் பார்த்து வாசி என்றேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் போனாள். வரிகள் பாதியில் நிற்கின்றன, சில சொற்களுக்குத் தலை இல்லை, சிலவற்றுக்கு வால் இல்லை. "மிச்சத்தை நாங்கள் வாயால சேர்த்துக்கொள்றமா பெரியம்மா?" என்று கேட்டாள். அந்த மிச்சத்தை நிரப்பியது யார், எப்போது, எந்த ஆதாரத்தில் என்று தேடினால் அதுவே நல்ல கட்டுரை.

கோயில் இடிபட்ட வருடமும் அப்படித்தான். போர்த்துக்கேயர் இடித்தது 1622இல் என்று எழுதுவோரும் உண்டு, 1624இல் என்று எழுதுவோரும் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒன்றைச் சொல்லிக்கொடுத்து மற்றதைப் பிழை என்று வெட்டுவோம். கம்பஸ் கட்டுரையில் இரண்டையும் எடுத்து வைத்து, எது ஏற்கத்தக்கது, ஏன் என்று சொல்லவேண்டும்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம், நமக்கு ஒட்டாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு சூத்திரம் வருகிறது. மதம் என்றால் இங்கே சமயம் அல்ல, நூலாசிரியர் கருத்தைக் கையாளும் முறை. பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தன் கருத்தை நாட்டி நிறுத்துவது, இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, பிறர் கருத்தோடு சேராமல் தன் கருத்தைக் கொள்வது. நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். 1622ஆ 1624ஆ என்று பிள்ளை செய்யவேண்டியது அந்த ஐந்தாவதைத்தான். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தான் ஏற்காத உரையைக்கூட மறைக்கவில்லை, 'என்பாரும் உளர்' என்று எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். நாங்கள் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து பரீட்சையில் ஒப்புவித்தோம். அதை வைத்து ஒரு பந்தி எழுதிப் பார் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நானும் என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. அதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பள்ளிக்கூடக் கட்டுரை என்றால் என்ன? முன்னுரைக்கு ஒரு பழமொழி, நடுவில் ஒரு குறள், முடிவுரையில் ஒரு வாழ்த்து. உயர்தரப் பரீட்சையில் மேலதிகத் தாள் கேட்டு வாங்குகிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. நோட்ஸில் உள்ளது அப்படியே வந்தால் முழுப் புள்ளி. பதின்மூன்று வருடம் இப்படிப் பழக்கிவிட்டு, கம்பஸில் கால் வைத்த முதல் மாதமே உன் வாதம் என்ன, ஆதாரம் என்ன என்று கேட்டால் பிள்ளை எங்கே போவாள்? அங்கேயும் முதலில் சொல்லிக்கொடுப்பது, உசாத்துணை எழுதும் ஏபிஏ முறையில் புள்ளி எங்கே, கமா எங்கே, வருடம் எங்கே என்பதைத்தான். அதுவும் தேவைதான். ஆனால் ஒருவர் பெயரை ஏன் போடுகிறோம் என்று விளங்காமல் கமாவை மட்டும் சரியாகப் போட்டு என்ன பயன்?

அதனால்தான் பிள்ளைகள் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். ஒரு இங்கிலீசுக் கட்டுரையை எடுத்து, கூகுளில் தமிழாக்கி, மறுபடி இங்கிலீசாக்கி, மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போவதைக் காட்டும் டர்னிட்டின் மென்பொருளில் வீதம் குறைகிறதா என்று பார்க்கிறார்கள். "20 வீதத்துக்குக் கீழ வந்தால் சரிதானே பெரியம்மா?" என்று இவளும் கேட்டாள். சரியில்லை. அந்த வீதம் சொற்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் காட்டும். மேற்கோள் குறிக்குள் பெயர் சொல்லி ஒழுங்காக எடுத்த வரியும் அதில் ஏறக்கூடும், சொல்லை மாற்றித் திருடிய கருத்து அகப்படாமலும் போகும். அவளுக்கு நான் சொன்ன வழி இதுதான்: வாசி, மூடி வை, அவர் என்ன சொல்கிறார் என்று தமிழில் எனக்குச் சொல்லு, சொன்னதை எழுது, பிறகு திறந்து ஒத்துப்பார், பெயரையும் பக்கத்தையும் உடனே குறித்து வை. தமிழில் சொல்ல வராவிட்டால் அது இன்னும் விளங்கவில்லை. விளங்காததை எந்த மொழியிலும் எழுத வராது.

பழைய நூல், சஞ்சிகை தேட 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்குப் போகலாம். 2005இல் தொடங்கியது, ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. ஆனால் உசாத்துணையில் இணைய முகவரியை மட்டும் போடாமல் நூலின் பெயர், ஆசிரியர், வருடம், பக்கம் எல்லாம் போடவேண்டும்.

பட்டம் இங்கிலீசில்தானே, தமிழில் பழகி என்ன என்று கேட்பார்கள். இங்கிலீசு வேண்டும், வகுப்புக்குப் போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் வாதம் செய்யப் பழகுவது ஒரு வேலை, மொழி பழகுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி முதலாம் வருடப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம். மூட்டை விழுந்ததும் உனக்கு இங்கிலீசு வராது என்கிறோம். முதல் வேலையைப் பத்தாம் வகுப்பிலேயே தமிழில் தொடங்கலாம். அதற்குப் புதுப் பாடநூல் தேவையில்லை. கொப்பி திருத்தும்போது பிழைக்குப் பக்கத்தில் 'யார் சொன்னது' என்று ஒரு வரி எழுத ஆசிரியர்கள் நாங்கள் மனம் வைத்தால் போதும். இந்தத் தவணையில் நான் தொடங்கிவிட்டேன்.

வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இப்படி எழுதிப் பழக நாலு பிள்ளைகள் இருக்கப்போகிறார்கள். இன்னும் ஆறு பேருக்குக் கதிரை இருக்கிறது. காசு வேண்டாம். சிவப்புப் பேனை பட்டுத் திரும்பி வந்த அசைன்மென்ட் ஒன்றை மட்டும் கையோடு கொண்டு வாருங்கள், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். விரிவுரையாளர்கள் யாராவது ஒரு மணித்தியாலம் வந்து பிள்ளைகளோடு இருக்க முடிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.