அந்தத் தண்ணியை மூடுங்கய்யா!

"ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தினா குடியா முழுகிடப் போகுது சார்?"

சைட் இன்ஜினியராக நான், கலந்து வந்த கான்கிரீட்டில் மேற்கொண்டு தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று சொல்லும்போதெல்லாம், ஏழு வருடமாக இதே கேள்வி. வியாசர்பாடி சைட்டில் கேட்டேன், மாதவரத்தில் கேட்டேன், இப்போது தண்டையார்பேட்டையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆமாம், குடிதான் முழுகப் போகிறது. ஊற்றுகிறவர் குடி இல்லை, அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர் குடி.

போன மாதம் இரண்டாவது தளத்துக்கு ரூஃப் போட்டோம். கீழே கார் நிறுத்தும் இடம், அதற்கு மேல் நான்கு மாடி. கடலுக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். மொத்தம் 36 கன மீட்டர் கான்கிரீட், ஆறு லாரி ரெடிமிக்ஸ், அதாவது ஆலையிலேயே கலந்து லாரியில் வருகிற கான்கிரீட். நான்கு லாரி ஒழுங்காக வந்து இறக்கிவிட்டுப் போனது. மணலி பக்கமிருந்து வந்த ஐந்தாவது லாரி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் வரிசைக்குள் மாட்டிக்கொண்டது. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டிவிட்டால் ஆம்புலன்ஸே திணறும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சலானில் ஏற்றிய நேரம் காலை 9.40. எங்கள் வாசலுக்கு வந்தது 12.20. ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4926, ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது. இறுகுவதைத் தள்ளிப்போடும் கெமிக்கல் கணக்காகச் சேர்த்திருந்தால்தான் அதற்கு மேல் நேரம். இந்த லோடில் அப்படி எதுவும் இல்லை.

கலவை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று கோனில் நிரப்பி ஸ்லம்ப் பார்த்தேன். கோனைத் தூக்கினால் கலவை அசையாமல் அப்படியே நிற்கிறது. லாரியைத் திருப்பச் சொன்னேன். அவ்வளவுதான், சுற்றி நின்ற எல்லாருக்கும் நான் எதிரியாகிவிட்டேன். பம்ப் ஆபரேட்டருக்குப் பைப் அடைத்துவிடுமோ என்ற பயம். கான்கிரீட் இழுக்கிற ஆட்களுக்குச் சீக்கிரம் முடித்துச் சாப்பிடப் போக வேண்டும், காலை ஆறு மணியிலிருந்து வெயிலில் நிற்கிறார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. போனில் இருந்த புராஜெக்ட் மேனேஜருக்கு அது முப்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய் லோடு. "நடுவுல நிறுத்தினா ஜாயிண்ட் விழும்ப்பா, போட்டுடு, நான் பாத்துக்கறேன்" என்றார். ஆறாவது லாரி வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து தெருமுனையிலேயே நிற்கிறது! அதை முதலில் விட்டால், போட்டது இறுகிப் புதியது ஒட்டாமல் போகிற அந்த ஜாயிண்ட் எப்படி விழும்? சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

மேலே கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கீழே வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. டிரம்மின் வாயில் ஓஸ் பைப் தொங்குகிறது. லாரியின் தண்ணீர் டேங்கில் ஏறக்குறைய 150 லிட்டர் குறைந்திருந்தது. ரெண்டு பக்கெட்டாம்!

கணக்கைப் பாருங்கள். ஒரு கன மீட்டருக்கு 360 கிலோ சிமெண்ட் என்றால் ஆறு கன மீட்டருக்கு 2,160 கிலோ. தண்ணீர் விகிதம், அதாவது ஒரு கிலோ சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது, 0.45. அப்படியென்றால் 972 லிட்டர். அதில் 150 லிட்டரைச் சேர்த்தால் விகிதம் 0.52 ஆகிவிடுகிறது. கடலோரக் கட்டடத்தை ஐ.எஸ். 456 கடுமையான சூழலில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அங்கே கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது, பலம் எம்30-க்கு, அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டனுக்குக் குறையக் கூடாது, கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் இருக்க வேண்டும். சும்மா எழுதி வைத்த எண்களா இவை? கூடுதலாக ஊற்றிய தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளேயே தங்காது. உலர்ந்து போகும்போது கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுவிட்டுப் போகும். அந்தத் துளை வழியாக உப்புக் காற்று கம்பியைத் தேடி உள்ளே வரும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் பால்கனிக்கு அடியில் அண்ணாந்து பாருங்கள், சிமெண்ட் பெயர்ந்து விழுந்து கம்பி செம்மண் நிறத்தில் தெரிகிற வீடுகள் எத்தனை என்று.

எங்கள் மேஸ்திரி கேட்பார், "முப்பது வருஷமா ரூஃப் போடறேன் தம்பி, எந்த ரூஃப் விழுந்துச்சு?" நல்ல மனிதர், அவரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. ஆனால் அண்ணே, போட்ட மறுநாளே விழுந்தால் நம்மைப் பிடிப்பார்கள். பதினைந்து வருடம் கழித்துப் பெயர்ந்தால் யாரைப் பிடிப்பது? 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து எல்லாரும் வெளியே வந்திருந்ததால் உயிர் தப்பினார்கள். முப்பது வருடம்கூட ஆகாத கட்டடம். அது ஏன் விழுந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. அன்று நடுத்தெருவில் மூட்டையோடு நின்ற அந்த மக்களின் முகம் மட்டும் ஒவ்வொரு ரூஃப் அன்றும் எனக்கு ஞாபகம் வருகிறது.

சரி, கியூபுக்கு வருகிறேன், கான்கிரீட்டின் பலத்தை உடைத்துப் பார்க்க அச்சில் வார்க்கிற கட்டி. 36 கன மீட்டருக்கு நான்கு சாம்பிள் எடுக்க வேண்டும். வழக்கமாக எல்லாமே முதல் லாரி, இரண்டாவது லாரியிலிருந்து எடுக்கப்படும், ஏனென்றால் அவைதான் அழகாக வரும். நான் பிடிவாதமாக அந்த ஐந்தாவது லாரியிலும், தண்ணீர் ஊற்றிய பிறகு, கியூப் போட்டேன். 28 நாள் கழித்து உடைத்தோம். மற்றவை 37, 38 என்று வந்தன. இது 28.6. மேனேஜர் சிரித்துக்கொண்டே, "பாத்தியா, பாஸ்தானே?" என்கிறார். விதிப்படி சராசரி சரியாக இருந்தால் தனி ஒரு சாம்பிள் 30-லிருந்து 3 வரை குறையலாம், உண்மைதான். அந்த 3, கலவையில் இயல்பாக வருகிற ஏற்ற இறக்கத்துக்குக் கொடுத்த இடம் ஐயா. ஓஸ் பைப்புக்குக் கொடுத்த இடம் இல்லை!

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. ஊற்றக் கூடாத நேரத்தில் இப்படி ஊற்றுகிறவர்கள், ஊற்ற வேண்டிய நேரத்தில் ஒரு சொட்டு ஊற்ற மாட்டார்கள். அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பு உலைக் கழிவான ஸ்லாக் கலந்த சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாளாவது ஈரமாக வைத்துக் கியூரிங் செய்ய வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும், தூணுக்கு ஈரச் சாக்கு சுற்ற வேண்டும். மூன்றாம் நாளே செங்கல்லை ஏற்றி அடுக்கச் சொல்கிறார்கள். சைட்டில் இருக்கிற போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. லேபில் கொடுத்துப் பார்த்தேன், குளோரைடு லிட்டருக்கு 1,400 மில்லிகிராம். 500-க்கு மேல் கூடாது. அதனால் டேங்கர் கேட்டேன். "செலவு யார் கொடுப்பா?" சரி, ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்து தண்ணீர் விடுவார்களா என்றால் அன்று எல்லாருக்கும் லீவு. கான்கிரீட்டுக்கு ஏது லீவு? கொருக்குப்பேட்டையிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு நானேதான் போகிறேன்.

சைட் இன்ஜினியர் என்றால் என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். காலை ஏழு மணிக்கு ஆள் எண்ணுவதில் தொடங்கி, சிமெண்ட் மூட்டைக் கணக்கு, கம்பிக் கணக்கு, லெவல், மணல் கொட்டியதற்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்குவது, ராத்திரி ரிப்போர்ட் அனுப்புவது வரை எல்லாம்தான். அதையெல்லாம் செய்துவிடலாம், எனக்கு அதில் குறையே கிடையாது. ஆனால் தரத்துக்குப் பொறுப்பு நான், கான்கிரீட் போட்ட விவரத்தை எழுதி வைக்கிற கார்டில் கையெழுத்து என்னுடையது, ஒரு லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் மட்டும் என்னிடம் இல்லை என்றால் அது என்ன நியாயம்? நாளைக்கு ஏதாவது ஆனால் முதலில் என்னைத்தானே கூப்பிடுவார்கள்? அன்றைக்குக் கார்டில் "ஐந்தாவது லாரியில் சைட்டில் தண்ணீர் சேர்க்கப்பட்டது" என்று நேரத்தோடு எழுதினேன். கிழித்துவிட்டு வேறு கார்டு எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இடத்துக்குச் சொந்தக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வீடு அவர் பங்கு, ஒன்று மகளுக்கு. சாயங்காலம் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து, கட்டடம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். ரூஃப் போட்ட அன்று ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா வந்துச்சா தம்பி?" என்று கேட்டார். "வந்துச்சுங்க ஐயா" என்றேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மகளுக்குக் கொடுக்கப் போகிற வீட்டின் ஹாலுக்கு மேலேதான் அந்த ஐந்தாவது லாரி இறங்கியிருக்கிறது. கியூப் ரிசல்ட் வந்த அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதற்காக ஆபீஸில் கூப்பிட்டுத் திட்டினார்கள். திட்டட்டும்.

நாளைக்கு மூன்றாவது தளம். முதல் லாரி காலை ஆறு மணிக்கு, கன்டெய்னர் வரிசை கட்டுவதற்கு முன்னால். மேலே வைப்ரேட்டரைப் பார்த்துக்கொள்ள ஜூனியர் பையனிடம் சொல்லிவிட்டேன். நான் கீழே, லாரியின் தண்ணீர் வால்வு பக்கத்தில்தான் நிற்கப் போகிறேன். கடைசி லாரி போகிற வரைக்கும் யார் போன் செய்தாலும் அங்கிருந்து நகர மாட்டேன்.