மார்த்தாண்டம் தேனை எதை வைத்துச் சோதிப்பது?

தேன் அசலா போலியா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கும் காணொளிகள் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கணக்காகச் சுற்றி வருகின்றன. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் இறங்க வேண்டும், பஞ்சுத் திரியில் தோய்த்துக் கொளுத்தினால் எரிய வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது, உறையக் கூடாது என்று அவை அடித்துச் சொல்கின்றன. தேனில் பெரும்பகுதி சர்க்கரை. நீர் 20 விழுக்காட்டுக்குள் இருக்கும். அதே பதத்துக்குக் காய்ச்சிய எந்தப் பாகும் தண்ணீரில் அப்படியே இறங்கும், திரியில் அப்படியே எரியும். எறும்போ நல்ல தேனையும் தேடி வரும்.

இவற்றில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, உறைந்தால் போலி என்ற நம்பிக்கைதான். குளுக்கோஸ் மிகுந்த தேன் விரைவில் உறைவது இயல்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்களிலிருந்து தேனீக்கள் சேர்க்கும் ரப்பர் தேன் அந்த வகையைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கும் என் சித்தப்பாவுக்கு, அவர் அனுப்பிய பாட்டில்கள் சில திரும்பி வந்தன. அடியில் ரவை போல வெள்ளை மணிகள் படிந்திருந்தன. சீனி கலந்த தேன் என்று வாங்கியவர் எழுதியிருந்தார். அதன் பிறகு சித்தப்பா தேனைச் சூடாக்கித்தான் அனுப்புகிறார். சூடேறினால் எச்.எம்.எஃப். என்ற சேர்மம் கூடும், நொதிகள் குறையும்; இவ்விரண்டும் தேனின் தரத்தை அளக்க ஆய்வகங்கள் பார்க்கும் குறியீடுகள். போலிக்குப் பயந்து வாங்குபவர் நம்பும் ஒரு பொய்ச் சோதனை, நல்ல தேனையே கெடுத்து விற்க வைக்கிறது.

உண்மையான சோதனை ஆய்வகத்தில்தான் நடக்கிறது. அங்கும் ஒரே சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை ஈர்த்துக்கொள்ளும் வழி வேறு. அதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன், தேனீக்கள் நாடும் பெரும்பாலான செடிகொடிகளின் மதுரத்தில், அதாவது அவை சுரக்கும் இனிப்பு நீரில், இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆய்வகம் தேனையும், தேனிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுகிறது. புரதம் தேனீயிடமிருந்தும் மகரந்தத்திலிருந்தும் வருவது. எடுத்த தேனில் பிற்பாடு ஊற்றிய பாகு அதை மாற்றாது. ஆகவே இரண்டின் அளவும் ஒரு வரம்புக்கு மேல் விலகி நின்றால், வெளிச் சர்க்கரை சேர்ந்திருக்கிறது என்று பொருள். மிக நேர்த்தியான சோதனை இது. ஆனால் நெல்லும் சர்க்கரை எடுக்கப் பயிரிடும் பீட்ரூட்டும் பூச்செடிகளைப் போலவே கார்பனை ஈர்ப்பவை என்பதால், அரிசிப் பாகையும் பீட்ரூட் பாகையும் இச்சோதனையால் பிடிக்க முடியாது. கலப்படக்காரர்கள் கரும்பிலிருந்து அரிசிக்கு மாறியது இதனால்தான்.

2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வு இந்த ஓட்டையை ஊரறியக் காட்டியது. 13 நிறுவனங்களின் தேன் இந்தியாவில் சோதிக்கப்பட்டபோது பெரும்பாலானவை தேறின, ஜெர்மனியில் என்.எம்.ஆர். என்ற அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனையும் சேர்ந்தபோது, எல்லாவற்றிலும் தேறியவை மூன்று நிறுவனங்கள் மட்டுமே. நிறுவனங்கள் அந்த முடிவுகளை மறுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வெளியிட்ட ஆய்விலும், இறக்குமதியான 320 மாதிரிகளில் 46 விழுக்காடு சந்தேகத்துக்குரியவையாக இருந்தன.

என்.எம்.ஆர். ஒரு தேனில் உள்ள பல சேர்மங்களின் தடத்தை ஒரே வீச்சில் பதிவு செய்து, ஏற்கெனவே சேர்த்து வைத்த அசல் தேன்களின் தடங்களோடு ஒப்பிடுகிறது. ஒப்பிடும் தொகுப்பில் நம் ஊர்த் தேன் போதிய அளவு இல்லையென்றால், அந்தத் தீர்ப்பை எப்படி முழுமையாக நம்புவது? கலப்படமற்றது என்பது ஒரு கேள்வி. இன்ன ஊரில் எடுத்தது என்பது வேறு கேள்வி. வடமாநிலக் கடுகுத் தேனை மார்த்தாண்டம் தேன் என்று ஒட்டி விற்றால், அது தேன்தான் என்று கார்பன் சோதனை சான்று கொடுத்துவிடும்.

ஊரைக் கண்டறிய வழக்கமாக நுண்ணோக்கியில் மகரந்தத்தைப் பார்ப்பார்கள். ரப்பர் தேனிடம் அந்த வழி தடுமாறும். இலையுதிர்ந்த ரப்பர் மரம் தை, மாசியில் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் மதுரம் துளிர்க்கிறது. தேனீ அதைத்தான் உறிஞ்சுகிறது. பூவுக்குள் நுழையாமல் எடுத்த தேனில் ரப்பர் மகரந்தம் எங்கிருந்து மிகுதியாக வரும்? அதே வேளையில் தேனீ போய்வந்த தென்னை முதலிய மரங்களின் மகரந்தமே கண்ணில் படக்கூடும்.

நியூசிலாந்தின் மனுகா தேனுக்கும் இதே இடர் இருந்தது. மனுகாவின் மகரந்தத்தையும் அதன் உறவு மரமான கனுகாவின் மகரந்தத்தையும் நுண்ணோக்கியில் பிரித்தறிவது மிகக் கடினம். அந்நாட்டு அரசு செடிகளையும் தேனையும் திரட்டி ஆராய்ந்து, நான்கு வேதிப்பொருள்களும் மனுகா மகரந்தத்தின் ஒரு டி.என்.ஏ. குறியும் இருந்தால்தான் மனுகா என்று 2018இல் ஏற்றுமதிக்கு வரையறுத்தது.

மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1920களில் கிறித்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் மார்த்தாண்டம் மையத்தின் வழியே அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் ஊக்குவித்த பெட்டித் தேனீ வளர்ப்பு, இன்று பல குடும்பங்களின் பிழைப்பு. அந்தப் பெயரைக் காக்க, எவரும் பார்க்கக்கூடிய மாதிரித் தொகுப்பு ஒன்று வேண்டும் என்பதே என் கோரிக்கை. வேளாண் பல்கலைக்கழகமும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து, மெழுகால் மூடிய முதிர்ந்த அடைகளிலிருந்து, எந்தத் தோட்டம், எந்த மாதம் என்ற குறிப்போடு, தொடர்ந்து சில பருவங்களுக்குத் தேன் சேகரிக்க வேண்டும். மழைக்காலத்தில் மதுரம் கிடைக்காதபோது தேனீக்கள் சாகாமலிருக்கச் சீனிப் பாகு வைப்பது எல்லோரும் அறிந்த நடைமுறை; அப்படி வளர்ந்த கூடுகளின் தேனும் தொகுப்பில் இடம்பெற்றால்தான், நேர்மையாகத் தொழில் செய்பவர் கலப்படக்காரராகக் காட்டப்படாமல் இருப்பார். சில பெட்டிகள் மட்டும் வைத்திருப்பவரால் ஆய்வகக் கட்டணம் கட்ட முடியாது. அதை அரசு ஏற்க வேண்டும். அடுத்த தையில் ரப்பர் தளிர்க்கும்போது முதல் மாதிரிகளை எடுக்கத் தொடங்கலாம்.