காம்னா உச்சி வெயில்

கேஎல்லில் (கோலாலம்பூரில்) இருந்து சொந்தக்காரர்கள் யார் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் வந்தாலும், மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் வாசலில் நின்று அதே வசனம்தான்: "உங்க ஊர் ரொம்ப காமா (calm, அமைதியா) இருக்கு." ஒன்றரை மணி வெயிலில் நாய்கூட காருக்கு அடியில்தான் கிடக்கிறது, பின்னே வேறு எப்படி இருக்குமாம்?

ஆனால் அவர்கள் தெரியாமலே சரியாகச் சொல்கிறார்கள். காம் என்ற ஆங்கிலச் சொல்லே வெயிலில் பிறந்ததுதான் என்று சொற்பிறப்பு அகராதிகள் பலவும் கணிக்கின்றன. கிரேக்கத்தில் 'கௌமா' என்றால் எரிக்கிற சூடு. லத்தீன் வழியாக இத்தாலிக்குப் போய், வெயில் தாங்காமல் ஆடுமாடு, ஆள், காற்று எல்லாம் அடங்கிக் கிடக்கும் நேரத்துக்குப் பெயராகி, காற்றில்லாத கடலைக் குறித்து, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. மனுஷன் குணத்துக்கு அதை ஒட்டவைத்தது அப்புறம்தான். கையை அரிக்கும் காஸ்டிக் சோடாவின் காஸ்டிக்கும் இதற்குப் பங்காளி, எரிப்பது என்ற அதே வேர். 1805 வாக்கில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் காற்றின் பலத்துக்கு அளவு போட்டபோது காம் என்பது சைபர். பின்னாளில் அதற்குச் சேர்த்த விளக்கம், புகை நேராக மேலே போகும் நிலை.

பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, வெயில் ஏறுவதற்குள் நிரையை (தனக்கு ஒதுக்கிய மர வரிசையை) முடிக்க அவ்வளவு ஓட்டம் ஓடியது சும்மா இல்லை. இரவில் மரத்துக்குள் நீர் நிறைந்து பாலுக்கு அழுத்தம் இருக்கும், வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய் அழுத்தம் இறங்கிவிட, மங்கில் (பால் பிடிக்கும் கோப்பையில்) விழும் பால் குறைந்துவிடும். முதலாளி சொல்லாவிட்டாலும் மரம் சொல்லிவிடும், போதும் வீட்டுக்குப் போ என்று.

செம்பனை (எண்ணெய்ப் பனை) அப்படிச் சொல்லாது. குலைக்கு வெயிலும் ஒன்றுதான், நிழலும் ஒன்றுதான். கூலியோ பெரும்பாலும் டன் கணக்கில், அதனால் உச்சி வெயிலிலும் அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறார்கள். தலை சுற்றுகிறது என்று யாராவது குரலை உயர்த்தினால், ஏர்கோன் அறையில் இருந்து பதில் வருகிறது, "காம் டவுன்".

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். வேலையை நிறுத்தி நிழலுக்குப் போவதுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது, வாயை மூடுவது இல்லை. 12 மணியில் இருந்து 3 மணி வரை கூலி பிடிக்காமல் அவர்களை உட்கார விடுங்கள், யாரும் யாருக்கும் காம் டவுன் சொல்ல வேண்டியிருக்காது.