படிக்க விடுங்கள், இங்கேயே இருப்பார்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் எந்த டீ ஃபேக்டரி முதலாளியிடம் பேசினாலும் ஒரே புலம்பல்தான்: "நல்ல பசங்க நிக்க மாட்டேங்கிறாங்க." ரிசார்ட் நடத்துபவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். சம்பளம் குறைவு என்பது உண்மை. கோவையிலும் திருப்பூரிலும் அதிகம் கிடைத்தால் போகத்தான் செய்வார்கள். ஆனால் நான் பார்த்தவரை அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இங்கே வேலையில் சேர்ந்த அன்றோடு படிப்பு முடிந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன். பிளஸ் டூ முடித்துவிட்டு ஃபேக்டரிக்கு வந்தவன். இலை போதுமான அளவு வாடிவிட்டதா என்று ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவான். இலையை நசுக்கித் தூளாக்கும் சிடிசி ரோலரின் பல் மழுங்கினால் விழுகிற தூளை வைத்தே கண்டுபிடிப்பான். தூளைப் பரப்பிப் புளிக்கவிடும் ஃபெர்மென்டிங்கில் பச்சை வாடை போய், தூள் செம்பு நிறத்துக்கு வரும் நேரம் அவன் மூக்குக்குத் தெரியும். தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீ மேக்கர் லீவு போட்டால் நைட் ஷிப்ட் இவன் பொறுப்பு. 1963 முதல் நடக்கும் குன்னூர் ஏலத்தில் தூளுக்கு நல்ல விலை கிடைப்பது இப்படிப்பட்ட ஆட்களால்தான்.

அவன் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்க ஆசைப்பட்டு, ஷிப்டை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டான். "படிச்சுட்டு நீ எங்க இங்க இருக்கப் போற?" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை, மாலையில் வகுப்பு. படித்தால் போய்விடுவான் என்று பயந்தார்கள், படிக்க விடாததால் போனான். எவ்வளவு பெரிய இழப்பு இது!

கல்லூரிகளும் மாற வேண்டும். 1955-ல் ஊட்டியில் அரசு கலைக் கல்லூரி வந்தபோது, பகல் முழுக்க வகுப்பில் உட்கார முடிந்த பிள்ளைகளுக்குப் பட்டம் எட்டியது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது இன்றும் தூரம்தான். இத்தனைக்கும் விதிகள் மாறிவிட்டன. விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர, முடித்த பாடங்களைக் கணக்கில் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கியை 2021-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்தது. 2022-ல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் அனுமதி வந்தது. ஆன்லைன் பட்டம் இருக்கிறதே என்பார்கள். சரி, ஆனி ஆடி மழையில் பந்தலூர் எஸ்டேட் லைன் வீடுகளில் கரண்டும் சிக்னலும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறி ஊட்டி வரவே பஸ்ஸில் பாதி நாள் போய்விடும். கூடலூரிலும் கோத்தகிரியிலும் ஞாயிறு வகுப்பு வேண்டும், லேப் வசதியோடு.

யார் பாடம் நடத்துவது என்றால், வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம், முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், குன்னூரில் தோட்ட முதலாளிகள் சங்கமான உபாசி எல்லாம் நம் மலையில்தானே இருக்கின்றன? 15 வருட அனுபவம் உள்ள தொழில் வல்லுநரைப் பட்டம் பார்க்காமலே பேராசிரியராக எடுக்க 2022-லேயே யுஜிசி வழிவிட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற டீ மேக்கர்கள் எத்தனை பேர் சும்மா வீட்டில் இருக்கிறார்கள்!

முதலாளிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பாதி ஃபீஸ் கட்டுங்கள், பரீட்சைக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். படிப்பை முடித்தால் என்ன பதவி, என்ன சம்பளம் என்பதைச் சேரும்போதே எழுதிக் கொடுங்கள். அப்புறம், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டும் வழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.