ஆதரவுப் பதிவிலும் அவர்கள் முகம் வேண்டாம்

சோதனை நடவடிக்கை ஒன்றில் திருநங்கையர் பிடிபட்டால், பொழுது விடிவதற்குள் அந்தப் படம் நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களை வலம் வந்துவிடுகிறது. கேலிக்காகப் பகிர்பவர்களைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. திருநங்கையர் உரிமைக்குக் குரல் கொடுக்கும் நண்பர்களும் அதே படத்தை எடுத்து, மேலே கோபமாக நான்கு வரி எழுதி முகநூலில் போடுகிறார்களே, அவர்களிடம்தான் என் வேண்டுகோள்: தயவுசெய்து அந்தப் படத்தைப் பகிராதீர்கள்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாத திருநங்கையர் மீது பாய்வது பெரும்பாலும் 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டம், 21ஆம் பிரிவு. பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொள்வதைப் பற்றிய அந்தப் பிரிவின்படி, முதல்முறை தண்டிக்கப்படுபவருக்கு அபராதம் 25 ரிங்கிட்டைத் தாண்டாது. இல்லையென்றால் 14 நாள் வரை சிறை. சட்டம் தரும் தண்டனைக்கு இப்படி ஓர் எல்லை உண்டு. இணையத்தில் சுற்றும் படம் தரும் தண்டனைக்கு எந்த எல்லையும் இல்லை.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மாலை கட்டும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய படம் வீட்டு உரிமையாளரின் கண்ணில் பட்டது ஓர் ஆதரவுப் பதிவில்தான். அந்த வாரமே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். "நல்லதத்தான் எழுதியிருக்காங்க தம்பி, என் மூஞ்சிய மறைச்சிட்டு எழுதியிருக்கலாமே" என்றார் அக்கா. அடுத்த அறை தேடிப் போன இடமெல்லாம் முதலில் கேட்டது அடையாள அட்டையை. அதில் 'லெலாக்கி', அதாவது ஆண், என்று அச்சிட்டிருக்கிறது. பன்னிரண்டு இலக்க எண்ணின் கடைசி இலக்கமும் ஒற்றைப்படையாக நின்று அதையே சொல்கிறது. 2005இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒரு திருநங்கையின் அட்டையைத் திருத்தச் சொன்னது உண்மைதான். ஆனால் பின்னால் வழக்காடிய எல்லோருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை.

2018 ஆகஸ்டில் பினாங்கு ஜார்ஜ்டவுன் விழாவில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2016இல் துணிச்சல்மிகு பெண்களுக்கான அனைத்துலக விருதை அமெரிக்காவில் பெற்றவர் திருநங்கையர் உரிமைப் போராளி நிஷா ஆயுப், அவரும் ஒரு திருநங்கை. அவர் தம் முழு விருப்பத்தோடு தேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங்குடன் நின்று எடுத்துக்கொண்ட படம், அமைச்சர் ஒருவரின் தலையீட்டால் கண்காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. தானாக முன்வந்து காட்டிய முகத்துக்கு இந்த நாட்டில் சுவரில் இடமில்லை. கைகளால் மூடிக்கொண்ட முகமோ ஆயிரம் கைப்பேசிகளில் கிடக்கிறது. நாம் பரப்ப வேண்டியது முதல் வகைப் படத்தைத்தான். அதையும் உரியவரின் சம்மதத்தோடு.

ஒரு கைதைப் பற்றி எழுத முகம் தேவையில்லை. எந்த வட்டாரம், எந்தச் சட்டப்பிரிவு, வழக்கறிஞர் கிடைத்தாரா, ஜாமீன் தொகைக்கு யாரிடம் பணம் சேர்க்கலாம் என்று எழுதினால் போதும். உள்ளே இருப்பவருக்கு உடனே பயன்படுவது அதுதான். பழைய பதிவுகளில் அப்படிப்பட்ட படங்கள் இன்னும் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். ஆலயக் குழுவோ, முன்னாள் மாணவர் குழுவோ, எதை நீங்கள் நிர்வகித்தாலும், அங்கே வரும் படத்தையும் அழித்துவிட்டு, அனுப்பியவரைத் தனியே அழைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள்.